"அவருக்கு மாலைக்கண்தான், வேறொன்றுமில்லை"

1991-இல் வெளிவந்த 'சின்னத் தம்பி' படத்தில் கவுண்டமணிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்துவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அதை மறைக்க அவர் படும் பாட்டுக்குத் தியேட்டரே குலுங்கியது. இன்றும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தால் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில், இடைவேளை முடிந்து இருட்டில் இருக்கையைத் தடவித் தேடி, அடுத்தவர் மடியில் உட்கார்ந்து திட்டு வாங்கிய ஒருவரும் இருந்திருக்கக்கூடும். அவர் மட்டும் அந்தக் காட்சிக்குச் சிரித்திருக்க மாட்டார்.

மாலைக்கண் என்பது ஒரே சொல். அதற்குள் இருக்கும் நோய்கள் ஒன்றுக்கு மேல்.

முதலாவது, வைட்டமின் ஏ குறைவதால் வருவது. பஞ்சமும் சத்துக்குறைவும் இருந்த காலத்தில் ஊருக்கு நாலு பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். 1970 முதல் இந்தியாவில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்து வருகிறார்கள். ஈரல், முட்டை, முருங்கைக் கீரை, பப்பாளி என்று சாப்பாடும் தேறியதால் இந்த மாலைக்கண் பெரிதும் குறைந்துவிட்டது. பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று பாட்டிகள் சொன்னது மிகைதான். ஆனால் அதன் அடியில் ஒரு உண்மை இருந்தது.

இரண்டாவது மாலைக்கண்ணுக்கு எந்தக் கீரையும் எட்டாது. அது தட்டில் குறைந்ததால் வருவதில்லை, கருவிலேயே வந்துவிடுகிறது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இருவரிடமிருந்துமோ கைமாறிய மரபணு ஒன்றில் இருக்கும் பழுது, பத்து வயதிலோ இருபது வயதிலோ கண்ணில் தலைகாட்டுகிறது. இந்த வகையில் மிகப் பரவலானதன் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. கண் மருத்துவமனைகளில் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் சுமார் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகளோ ஆயிரம் பேரில் ஒருவர் என்கிற அளவையும் அதற்கு மேலும் காட்டியிருக்கின்றன. இங்கே ஏன் இவ்வளவு கூடுதல் என்பதற்குக் காரணம் நம் கல்யாணப் பத்திரிகைகளில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

கண்ணின் உட்சுவரில் காகிதம் போல ஒட்டியிருக்கும் விழித்திரையைத்தான் நம் ஊரில் 'கண் நரம்பு' என்கிறார்கள். அதில் இரண்டு வகை ஒளி உணர்விகள். கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். வெளிச்சத்தில் வேலை செய்பவை, நிறம் பிரிப்பவை, ஊசியில் நூல் கோக்க உதவுபவை. குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. நிறம் தெரியாது, ஆனால் நட்சத்திர வெளிச்சமே அவற்றுக்குப் போதும். விழித்திரையின் நடுப்புள்ளியை விட்டு ஓரங்களில் பரவியிருப்பதால், நேரே பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் வரும் மாட்டு வண்டியைக் கவனிக்கிறோமே, அதுவும் இவற்றின் தயவுதான்.

குச்சிச் செல்லுக்குள் ரோடாப்ஸின் என்றொரு நிறமி இருக்கிறது. ஒரு பெரிய புரதம், அதற்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த சிறு துணுக்கு. வெளிச்சம் பட்டதும் வளைந்திருந்த துணுக்கு நிமிர்கிறது. அந்த ஒரு நிமிர்வுதான் 'பார்த்தேன்' என்பதன் முதல் அசைவு. நிமிர்ந்தது மறுபடி வளைந்தால்தான் அடுத்த வெளிச்சத்தைப் பிடிக்க முடியும். வளைத்துத் தரும் பட்டறை விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமிப் படலத்தில் இருக்கிறது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலப்பொருள் வரவில்லையென்றால் முதல் வகை மாலைக்கண். பொருள் வந்தும் பட்டறையில் ஆளில்லை, அல்லது புரதமே கோணலாகிவிட்டது என்றால் இரண்டாம் வகை. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை.

ஆர்.பி. வந்த பிள்ளையை வீட்டில் யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. 'கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய்?' என்பதுதான் அந்தப் பிள்ளை அதிகம் கேட்கும் வசனம். தரையில் வைத்த தம்ளரைக் காலால் தட்டிவிடும். கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. கைப்பந்து பக்கவாட்டில் வந்தால் பிடிக்காது. பள்ளியில் பலகையைப் படிக்கச் சொன்னால் தடையில்லாமல் படித்துவிடும். ஏனென்றால் நடுப்பார்வை அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் 'ஒன்றும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருடங்கள் போகப் போகப் பக்கப் பார்வை சுருங்கும். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும். குச்சிச் செல்கள் மடிந்த பிறகு அவற்றை நம்பியிருந்த கூம்புச் செல்களும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு விழித்திரையின் ஓரங்களில் சிலந்திக் கால்கள் போன்ற கரிய திட்டுகள் தெரியும். கண்ணுக்குள் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் செய்த பிறகுதான் யாராலும் இதைப் பார்க்க முடிந்தது. டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் நோய்க்குப் பெயர் வைத்தார். அழற்சி என்று பொருள்படும் பெயர். நோயின் மூலம் அழற்சி இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மூலம் தெரிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1989-இல் டப்ளினில் பீட்டர் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் ஓர் அயர்லாந்துக் குடும்பத்தின் பல தலைமுறைகளைத் துருவி, பழுது மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது என்றார்கள். அடுத்த ஆண்டே பாஸ்டனில் தாடியஸ் டிரைஜா இடத்தையே சுட்டிக்காட்டினார். ரோடாப்ஸின் புரதம் 348 மணிகள் கோத்த சரம். அதில் 23-ஆவது மணி மட்டும் மாறியிருந்தது. டி.என்.ஏ.யில் 'சி' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'ஏ'. சுமார் 300 கோடி எழுத்துள்ள புத்தகத்தில் ஒரே ஒரு அச்சுப்பிழை. அதற்கு விலை ஒரு மனிதரின் இரவுகள், பிறகு பகல்களும்.

இப்போது ஆர்.பி.க்கு மட்டுமே 80-க்கு மேற்பட்ட மரபணுக்கள் தெரியவந்திருக்கின்றன. ஒரே பெயருள்ள நோய், எண்பது வாசல். எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பொறுத்துத்தான் யாருக்கு வரும், எப்போது வரும், மருந்து உண்டா என்பதெல்லாம்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படியாக இருக்கிறது. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பது போல. பெரும்பாலான நேரம் ஒரு சாவி தொலைந்தாலும் மற்றதால் கதவு திறந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத் தன்னிடம் ஒரு சாவி இல்லை என்பதே சாகும்வரை தெரியாது. ஆனால் டிரைஜா கண்ட பழுது வேறு மாதிரி: கோணல் சாவி பூட்டுக்குள் முறிந்து மாட்டிக்கொண்டால் நல்ல சாவியும் பயன்படாதல்லவா? அதனால் ஒரு படி பழுதே போதும். அப்பாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இத்தகைய குடும்பங்களில் நோய் தலைமுறை தவறாமல் தெரியும். யாரும் மறைக்க முடியாது.

நம் பக்கத்தில் அதிகம் தொல்லை தருவது இரண்டு சாவியும் தொலையும் வகை. அம்மாவுக்கும் கண் நன்றாக இருக்கும், அப்பாவுக்கும் நன்றாக இருக்கும். இருவரிடமும் அதே மரபணுவில் ஒரு படி பழுது மறைந்திருக்கும். பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியாக நான்கில் ஒன்று. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருப்பதில்லை.

இப்படி விழித்திரை நோய்க்கான பழுது ஒன்றையாவது நோயில்லாமல் சுமப்பவர்கள் உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்று 2020-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. இதைப் படிப்பவருக்கும் இருக்கலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை. அதே மரபணுவில் பழுதுள்ள இன்னொருவரைக் கல்யாணம் செய்தால்தான் கதை மாறும். ஊர் பேர் தெரியாத இருவருக்குள் அது நடப்பது அபூர்வம்.

சொந்தத்துக்குள் அது அபூர்வம் இல்லை. ஒருவரிடம் ஒரு பழுது இருந்தால் அவருடைய அத்தை மகளிடமும் அதே பழுது இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளிடம் இருக்க நான்கில் ஒன்று. தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரு பழைய சாவிக்கொத்து இரண்டு கிளை வழியாக இறங்கி ஒரே தொட்டிலில் வந்து சேர்கிறது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் இந்தியா முழுதும் சொந்தத்தில் மணந்தவர்கள் சுமார் 11 விழுக்காடு. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்துக் கேரளத்தில் இது மிகக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் முறைப்படி அத்தை மகளும் மாமன் மகளும் கட்டிக்கொள்ள உரிமையுள்ளவர்கள். சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் தங்கைகள், நினைத்தாலே பாவம். மரபணுவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. அதன் கணக்கில் நால்வரும் ஒரே தூரம்தான். தாய்மாமன் என்கிற முறையோ, எல்லாவற்றையும்விட நெருக்கம்.

சொந்தத்தில் மணந்த எல்லாருக்கும் குறையுள்ள பிள்ளை பிறக்கும் என்று பயமுறுத்துவதும் தவறு. எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் குழந்தைக்குத் தீவிரமான பிறவிக் கோளாறு இருக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். 'எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொந்தம்தான், என்ன ஆகிவிட்டது?' என்ற கேள்வி எழுவதும் அதனால்தான். என்ன ஆகிவிட்டது என்பதைக் கண் மருத்துவமனையில் கூட்டிப் பார்த்தால் மட்டுமே தெரிகிறது.

மூன்றாவது வழி, எக்ஸ் குரோமோசோம் வழியாக. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், மாற்றுச் சாவியே கிடையாது. அதனால் அம்மா நன்றாக இருப்பார், மகனுக்கு வரும். விசாரித்தால் தாய்மாமனுக்கும் இருந்திருக்கும். நிறக்குருடு இப்படித்தான் வருகிறது. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கு அது இருந்தது. 1794-இல் தன் குறையைப் பற்றித் தானே உரை நிகழ்த்தினார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, செத்த பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள்; திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணிலிருந்து 1995-இல் டி.என்.ஏ. எடுத்தபோது பச்சையை உணரும் நிறமிக்குரிய மரபணு இல்லாதது தெரிந்தது. கேட்டவருக்குப் பதில் 150 ஆண்டு கழித்து வந்தது.

நான்காவது, தாய்வழி மட்டும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு, அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அதில் பழுது இருந்தால், பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, ஒரு கண் சில வாரங்களில் மங்கி, சில மாதங்களுக்குள் மற்றதும் மங்குகிறது. 1871-இல் இதை விவரித்தவர் ஜெர்மானியர் தியோடர் லெபர். அவரே 1869-இல் பிறவியிலேயே பார்வை இல்லாமல் போகும் இன்னொரு நோயையும் விவரித்திருந்தார். இரண்டுக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டதால் இன்றுவரை மருத்துவ மாணவர்கள் குழம்புகிறார்கள்.

அந்தப் பிறவி நோய்தான் மருத்துவத்தின் போக்கையே திருப்பியது. லெபர் பிறவிக் குருடு என்று சொல்லப்படும் அதன் ஒரு வகையில் பழுதாவது ஆர்.பி.ஈ.65 என்ற மரபணு. நிமிர்ந்த வைட்டமின் ஏ துணுக்கை மறுபடி வளைக்கும் பட்டறை ஆள் இதுதான். ஆள் இல்லாததால் வேலை நின்றிருக்கிறது. ஒளி உணர்விகளோ பல வருடங்கள் உயிரோடு காத்திருக்கின்றன. அப்படியானால் நல்ல மரபணு ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்தால் என்ன?

பிரியார்டு என்ற பிரெஞ்சு மேய்ச்சல் நாய் இனத்தில் அதே மரபணு, அதே நோய். அமெரிக்காவில் கார்னெல், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தீங்கற்ற வைரஸ் ஒன்றின் வயிற்றில் நல்ல மரபணுவை ஏற்றி, குருட்டு நாய்க்குட்டிகளின் விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். சில வாரங்களில் அவை மேசை நாற்காலிகளை விலக்கி நடந்தன. லான்சலாட் என்ற நாய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னாலேயே கொண்டு நிறுத்தப்பட்டது. 2001-இல் ஆய்வு அச்சேறியது. ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் என்ற கணவன் மனைவி மருத்துவர்கள் அதை மனிதருக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். ஆய்வில் இருந்த நாய்களில் இரண்டை வீட்டுக்கே அழைத்துச் சென்று வளர்த்தார்கள்.

கடைசிக் கட்டச் சோதனையில் 31 பேர். மருந்து வேலை செய்ததா என்று அறிய எழுத்து அட்டையை மட்டும் நம்பவில்லை. தரையில் அம்புக்குறிகளும் தடைகளும் வைத்து ஒரு பாதை போட்டு, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து நடக்கச் சொன்னார்கள். சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் நிலவில்லாத இரவளவு மங்கிய வெளிச்சத்திலும் தடுக்காமல் நடந்தார்கள். சிகிச்சை பெறாதவர்களில் ஒருவராலும் முடியவில்லை. 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. பரம்பரை நோய்க்கு, உடலுக்குள்ளேயே மரபணுவைச் செலுத்தும் சிகிச்சைக்கு அந்த நாடு தந்த முதல் அனுமதி அது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை எட்டரை லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல்.

விலையை விடுங்கள். எண்பது வாசலில் ஒரு வாசலுக்கு மட்டும் பொருந்தும் சாவி இது. அதுவும் உயிருள்ள செல்கள் மிச்சமிருந்தால்தான். மற்ற வாசல்களுக்கு ஆய்வுகள் நடக்கின்றன. வாசலையே பொருட்படுத்தாத முயற்சியும் ஒன்று உண்டு. பாரிஸில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆர்.பி. என்று கண்டறியப்பட்டு, பின்னர் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில், பாசியிலிருந்து எடுத்த ஒளி உணர் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினார்கள். கூடவே தனிக் கண்ணாடி ஒன்று, மாதக்கணக்கில் பயிற்சி. 2021-இல் அந்த முடிவு வெளியானது. மேசை மேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் அவர் முதலில் கவனித்தது வெளியே: சாலையைக் கடக்கும் இடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளை.

இதற்கு நடுவே, ஆர்.பி.யைப் பூரணமாகக் குணமாக்குகிறோம் என்று எண்ணெயும் ஸ்டெம் செல் ஊசியும் விற்கும் கடைகளுக்கும் குறைவில்லை. நிலத்தை விற்றுவிட்டு அங்கே போய் நின்ற குடும்பங்கள் பல. வைட்டமின் ஏ மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவதும் ஆபத்து. ஸ்டார்கார்ட் என்ற பரம்பரை விழித்திரை நோயில் வைட்டமின் ஏ-யின் கழிவுதான் செல்களைக் கொல்கிறது. அவர்களுக்கு அந்த மாத்திரை எரிகிற தீயில் எண்ணெய். மாறாக, ரெஃப்சம் போன்ற மிக அரிய வகை ஒன்றில் உணவுக் கட்டுப்பாடே நோயை மட்டுப்படுத்தும். எந்த மரபணு என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்பது இதனால்தான். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. பார்வைப் பரப்பு சுருங்குவதையும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வைக் குறைபாடாகவே கணக்கிடுகிறது. 'பலகை நன்றாகப் படிக்கிறானே' என்று சான்றிதழ் கேட்கத் தயங்க வேண்டாம்.

மெதுவாகப் போகும் நோய்களைப் பற்றிப் பேசும்போது அவசரமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பூனைக்கண் போல மின்னினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாக இருக்கலாம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகளுக்கு இது வருகிறது. ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு RB1 என்ற மரபணுவின் (மேலே சொன்ன ஆர்.பி. வேறு, இது வேறு) பழுது பிறவியிலேயே உடம்பெங்கும் இருக்கும். அப்படியென்றால் தம்பி தங்கைகளையும் பிறந்த நாளிலிருந்து பார்க்க வேண்டும். சீக்கிரம் வந்தால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்றிவிடலாம்.

மரபணு ஆலோசகரிடம் போனால் ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுப்பார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுள்ளவருக்குக் கறுப்பு மை. கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணைப்பார். சொந்தமென்றால் இரட்டைக் கோடு. தமிழ்நாட்டில் அந்தத் தாளில் இரட்டைக் கோடுகள் சாதாரணம். மூன்று தலைமுறையும் வரைந்து முடித்ததும் வழக்கமான கேள்வி வரும்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது கண்ணுல கோளாறு உண்டாம்மா?"

"இல்லீங்க டாக்டர். எங்க ரெண்டு பக்கத்துலயும் யாருக்கும் கிடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாயங்காலத்துக்கு மேல வெளிய போகாதவங்க, தட்டுத் தடுமாறி நடந்தவங்க?"

கொஞ்ச நேரம் மௌனம்.

"எங்க பாட்டியோட தம்பி ஒருத்தர். பொழுது சாஞ்சா திண்ணைய விட்டு இறங்க மாட்டாரு. ஆனா அவருக்கு மாலைக்கண்தான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல."

ஆலோசகர் பேனாவைத் திருப்பி எடுத்து, மேல் வரிசையில் ஒரு சதுரத்தைக் கறுப்பாக்குவார்.